கண் சிமிட்டிய பிணம்

அத்தியாயம் ஏழு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கிறகோரி மீசைக்கு மை பூசிவிட்டார். படத்தைப் பற்றிய பேட்டிக்கு லண்டனிலிருந்து வீடியோ அழைப்பு பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்.

குருநகர் வீட்டின் முன்னறையில் அவருடைய மகள் லவீனா ஏழு மாதமாகச் செய்துவந்த வேலை முடியும் நிலையில் இருந்தது. கிறகோரி தன் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் ‘பண்ணைப் பாலத்தில் ஒருத்தி’. 1976. கறுப்பு வெள்ளைக் கொலைப் படம். ஐந்து நாள் ஓடியது. பிறகு எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

லண்டனில் பழைய குற்றப் படங்களைத் தேடிப் புளூரே டிஸ்க்காக வெளியிடும் ஜஸ்ரின் மட்டும் மறக்கவில்லை. பிலிம் பெட்டிகளைச் சென்னைக்கு எடுப்பித்து, ஒவ்வொரு பிறேமையும் நாலாயிரம் புள்ளி அகலத்தில் படியெடுக்க வைத்தான். படியெடுத்ததும் பெட்டிகள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. கீறலையும் தூசியையும் பூஞ்சணத்தையும் பிறேம் பிறேமாகத் துடைப்பது லவீனாவின் பங்கு. அவள் பௌதிகம் படித்தவள். ஆட்களோடு கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் ஒப்புக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பெட்டியின் படியில் ஒன்றைக் கண்டாள். எட்டு நாளாக அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

படத்தின் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு பிணம் வரும். பண்ணைக் கடலோரச் சேற்றில், கண் திறந்தபடி கிடக்கும். கமரா அதன் முகத்தில் நாற்பத்தொரு வினாடி அசையாமல் நிற்கும். இருபத்தெட்டாவது வினாடியில் பிணம் கண் சிமிட்டும்.

முதல் காட்சியில் தியேட்டர் முழுவதும் சிரித்தது. “டொக்டரைக் கூப்பிடுங்கோடா” என்று கலரியிலிருந்து ஒருவன் கத்தினான். அதற்குப் பிறகு யாரும் அதைக் கொலைப் படமாகப் பார்க்கவில்லை.

பிணமாகக் கிடந்தவள் மார்கிரட். கிறகோரியின் மனைவி, லவீனாவின் அம்மா. அப்போது அவளுக்கு இருபது வயது. கலியாணமாகி நாலு மாதம்.

“இரண்டு தரம் எடுத்தனான். இரண்டிலையும் சிமிட்டினவள். இரண்டாவது முதலைவிட மோசம். அதோடை பிலிமும் முடிஞ்சுது.” ஐம்பது வருடமாக வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் கிறகோரி இதைச் சொன்னார்.

குருநகரில் பட்டப்பெயர் இல்லாத வீடு குறைவு. மார்கிரட்டுக்குச் ‘சிமிட்டி’. மீன் சந்தையில் சிமிட்டி. கோயில் சங்கத்தில் சிமிட்டி அக்கா. பள்ளிக்கூடத்தில் லவீனா சிமிட்டியின் பெட்டை.

மார்கிரட் கண்ணாடிக்கு முன் நீலச் சேலையைத் தோளில் வைத்துப் பார்த்தாள்.

“உதைக் கட்டாதை. கமராவிலை கரி மாதிரி விழும்” என்றார் கிறகோரி.

“பச்சையைக் கட்டட்டோ?”

“எதைக் கட்டினால் என்ன. என்ரை பக்கத்திலை பேசாமல் இரு. கதையை நான் சொல்லுறன். அந்தப் பெடியன் சிரிக்கேக்கை நீயும் சிரி.”

மார்கிரட் இப்போதே சிரித்தாள். அது வாய் மட்டும் செய்கிற வேலை. லவீனாவுக்கு அந்தச் சிரிப்பைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

கிறகோரி மீசை காய்வதற்காக முன்னறைக்கு வந்தார். விசிறிக்கு நேரே நின்றார். லவீனாவின் கணினித் திரையில் அவருடைய படத்து இன்ஸ்பெக்டர் பாலத்தடியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“முகமெல்லாம் மணல் கொட்டினமாதிரிக் கிடக்கு. கலியாண வீடியோக்காரர் எவ்வளவு மினுக்காய் எடுக்கினம். நீ ஏழு மாதம் என்ன செய்தனீ?”

“அது தூசி இல்லை அப்பா. பிலிமே அப்பிடித்தான், மணிமணியாய் இருக்கும். அதைத் துடைச்சால் முகம் மெழுகாய்ப் போயிடும்.”

“அப்ப அந்தச் சிமிட்டலை எண்டாலும் எடு. கொம்மா கெடுத்ததை நீயாவது திருத்து.”

“ஜஸ்ரின் அண்ணை வேண்டாமெண்டவர். சனம் பாத்த படத்தைத்தான் டிஸ்க்கிலை போடுவினம். அழுக்கை எடுக்கலாம், நடந்ததை எடுக்கேலாது.”

“பெரிய சட்டம்.”

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்பா, கடைசிப் பெட்டியிலை வெட்டிப்போட்ட துண்டுகள் இருந்தது. இரண்டாந்தரம் எடுத்த துண்டைக் கண்டனான்.”

கிறகோரி திரையையே பார்த்தார். “எது?”

“பிணம். கிளாப் பலகையிலை இருபத்திமூண்டு, இரண்டு எண்டு எழுதிக்கிடக்கு. தொள்ளாயிரத்து எண்பத்துநாலு பிறேம். ஒவ்வொண்டாய்ப் பாத்தனான். ஒரு பிறேமிலையும் இமை அசையேல்லை.”

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மறுப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். மறுத்தால் சொல்வதற்கு எண்களை எழுதி வைத்திருந்தாள்.

“ஓம்” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தியேட்டரிலை தான் தெரிஞ்சுது. சனம் சிரிக்கேக்கை. மெற்றாசிலை இருந்து படத்துண்டுகளை ஒட்டேக்கை முதல் துண்டு மாறி விழுந்திட்டுது. ஒட்டினது நான் தான்.”

“பிறகேன் அம்மாவிலை போட்டனீங்கள்?”

“வேற ஆரிலை போடுறது? என்னிலையோ?”

அதை அவர் உண்மையாகவே கேட்டார்.

“அண்டைக்கு வாயிலை வந்தது. சனம் பிடிச்சுக்கொண்டுது. பிறகு மாத்தேலுமோ?”

“அம்மா எவ்வளவு காலம் இல்லை இல்லையெண்டு சொன்னவ.”

“பத்து வருசம் சொன்னவ. பிறகு நிப்பாட்டிப்போட்டா தானே.” மீசையை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. “உதை அழி.”

“அம்மாக்குச் சொல்லாமலோ?”

“சொல்லு. சொன்னால் கொம்மாக்கு என்ன கிடைக்கும்? திரும்பவும் இருபது வயசு வருமோ? கோபம்தான் வரும். எழுபது வயசிலை கோபத்தை வைச்சு என்ன செய்யிறது. சமைக்கவும் மாட்டா.” எழும்பினார். “இண்டைக்கு நான் கதைக்காட்டி லண்டன்காரன் டிஸ்க் போடான். உனக்கும் ஏழு மாதம் போச்சு. யோசிச்சுச் செய்.”

தலைமயிர் வெட்டச் சலூனுக்குப் போனார். போகும்போது மனைவியிடம், “பச்சையைக் கட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு மார்கிரட் முன்னறை வாசலில் வந்து நின்றாள். பச்சைச் சேலை. தலையை இழுத்து வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள்.

“பிள்ளை, என்ரை முகம் உதுக்குள்ளை எப்பிடிக் கிடக்கு?”

“இருபது வயசு முகம் தானே அம்மா. நல்லாய்க் கிடக்கு.”

“நான் பாக்கேல்லை. அண்டைக்குச் சனம் சிரிச்ச உடனை தலையை மூடிக்கொண்டு எழும்பி வந்திட்டன். பேந்து படமும் ஓடேல்லை.” கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். “ஒருக்காக் காட்டுறியோ? அவர் வரமுதல்.”

சொல்லாமல் காட்டினால் சொன்னதாகாது என்று லவீனா நினைத்தாள். அவளுடைய நினைப்பெல்லாம் இப்படித்தான் இருக்கும். கதிரையைத் தள்ளிக் கொடுத்தாள்.

திரையில் முதலில் கிளாப் பலகை வந்தது. ஒரு கை அதை இழுத்துக்கொண்டு போனது. பிறகு சேறு. ஈர மயிர். முகம்.

சத்தம் இல்லை. இமை மயிரில் ஒட்டியிருந்த மணல் எண்ணிவிடலாம் போல் தெரிந்தது. தண்ணீர் ஒரு தரம் கன்னம்வரை வந்து திரும்பியது. கண் அப்படியே வானத்தைப் பார்த்தது.

பதினேழாவது வினாடியில் ஓர் ஈ, இலையான், பறந்து வந்து புருவத்தில் இருந்தது. மூக்கோரமாக இறங்கியது. கீழ் இமையின் விளிம்பில் நடந்தது. கண்ணின் மூலையில் நின்று ஈரத்தைக் குடித்தது. ஆறு வினாடி. பிறகு பறந்தது. கண் திறந்தே இருந்தது. இன்ஸ்பெக்டரின் சப்பாத்துகள் வந்து நின்றன. திரை வெளுத்தது.

மார்கிரட் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

“இலையான்” என்றாள்.

“ஓம் அம்மா.”

“இது இரண்டாந்தரம் எடுத்ததோ?”

“ஓம்.”

“திரும்பப் போடு.”

போட்டாள்.

“திரும்பவும்.”

மூன்றாம் தரம் இலையான் இறங்கும்போது மார்கிரட்டின் விரல் தன் கீழ் இமையைத் தொட்டது.

“இலையான் இருந்தது எண்டு அண்டைக்கே சொன்னனான். கண்ணுக்குள்ளை நடந்தது, அதுக்கும் நான் அசையேல்லை எண்டனான். இலையானும் இல்லை ஒண்டுமில்லை, கெடுத்துப்போட்டுக் கதை அளக்காதை எண்டவர். எத்தினை தரம் சொன்னவர்.” சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “பேந்து நானும் நம்பினன். இலையான் வரேல்லையாக்கும், நான் தான் எதையோ நினைக்கிறன் எண்டு.”

“ஒட்டேக்கை துண்டு மாறிப்போச்சாம். அப்பா தான் மாறி ஒட்டினவர்.”

“அவருக்குத் தெரியுமோ?”

“தியேட்டரிலையே தெரியுமாம்.”

மார்கிரட் திரையைப் பார்த்தபடி இருந்தாள். தெருவில் ஒரு மீன் லொறி கூவிக்கொண்டு போனது.

“நீ எப்ப கண்டனீ?”

லவீனாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று ஏனோ தோன்றியிருக்கவில்லை.

“போன வெள்ளி.”

“போன வெள்ளி. அப்ப ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“பூசை முடிய கோயில் முத்தத்திலை புதுச் சுவாமியாருக்கு என்னைக் காட்டினவர். ‘இவதான் சுவாமி, செத்தும் சாகத் தெரியாதவ’ எண்டவர். சுவாமி சிரிச்சவர். அவர் பாவம், ஊருக்குப் புதுசு. சங்கத்துப் பொம்பிளையள் சிரிச்சவை.” மகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். “நீயும் சிரிச்சனீ.”

“பழக்கத்திலை சிரிச்சிட்டன்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் இண்டைக்கு அப்பா கதைக்கமாட்டார். கதைக்காட்டி டிஸ்க் வராது.”

“டிஸ்க்கிலை உன்ரை பேர் வருமோ?”

“வரும்.”

“பெரிசாயோ?”

“சின்னதாய். கடைசியிலை.”

மார்கிரட் தலையை ஆட்டினாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவளைப் போல எழும்பினாள். வாசலில் நின்று, “நான் பாத்தனான் எண்டு அவருக்குச் சொல்லாதை” என்றாள்.

மத்தியானம் கிறகோரிக்குச் சோறு போட்டாள். மீன் பொரியலில் பெரிய துண்டை அவருக்கே வைத்தாள். தான் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டாள்.

இரண்டு மணிக்கு ஜஸ்ரின் திரையில் வந்தான். நாற்பது வயது. வடமராட்சிப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவன். தமிழை ஒவ்வொரு சொல்லாக யோசித்துக் கதைத்தான்.

“வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி. இப்ப பதியத் தொடங்கிறன். வெட்டாமல் முழுசாய் டிஸ்க்கிலை போடுவம்.”

“ஒண்டையும் வெட்டாதையும் தம்பி” என்றார் கிறகோரி.

அவர் நன்றாகக் கதை சொல்வார். பண்ணைப் பாலத்தைச் சொன்னார். பிலிம் கிடைக்காத காலத்தைச் சொன்னார். பெற்றோல்மாக்ஸ் விளக்குக்குத் துணி கட்டி நிலவு செய்த விதத்தைச் சொன்னார். ஜஸ்ரின் குனிந்து குனிந்து குறிப்பு எடுத்தான். லவீனா கமராவுக்குப் பின்னால் நின்று ஒலி அளவைப் பார்த்தாள். ஒலிமானியின் முள் சிவப்பைத் தொடவில்லை.

“அங்கிள், அந்தச் சிமிட்டல்.”

கிறகோரி காத்திருந்த இடம் அது. கதிரையில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடி பிணமாகக் கிடந்து காட்டினார். பிறகு சிமிட்டினார். கலரிக்காரன் கத்தியதைச் சொன்னார். புதுச் சுவாமிக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். ஜஸ்ரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

மார்கிரட்டும் சிரித்தாள்.

“அன்ரி, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

“அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம்” என்றாள். கணவன் பக்கம் திரும்பினாள். “இரண்டாந்தரம் எடுத்ததிலையும் நான் சிமிட்டினனானோ?”

கிறகோரியின் பார்வை ஒரு கணம் கமராவுக்குப் பின்னால் போய் வந்தது. லவீனா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தோள்கள் இறங்கின.

“சிமிட்டினவ தம்பி. இரண்டாவதிலை ரெண்டு தரம் சிமிட்டினவ. ஆரையோ பாத்துக் கண்ணடிச்சமாதிரி.”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

“நான் டிறெக்டர். கமராவுக்குப் பக்கத்திலை நிண்டனான். என்ரை இரண்டு கண்ணாலையும் பாத்தனான்.”

“அப்ப இலையான்?”

“இலையானாம் தம்பி. இலையான் வந்ததாம். பண்ணைக் கடலிலை காத்துக்கு மனிசர் நிக்கேலாது, இவவுக்கு மட்டும் இலையான் வந்தது.”

ஜஸ்ரின் மறுபடி சிரித்தான். மார்கிரட் அவன் சிரித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.

“சத்தியமாயோ?” என்றாள் கணவனிடம்.

“அந்தோனியார் அறிய.”

“தம்பி, அந்த இரண்டாந்தரத் துண்டு அழியேல்லை. லவீனாட்டை இருக்கு.”

லண்டனில் ஜஸ்ரின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“உண்மையாவோ அன்ரி? அங்கிள் சொன்னதைப் போட்டு, அடுத்ததாய் அந்தத் துண்டைப் போட்டால் எப்பிடி இருக்கும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.”

“ஓம் தம்பி. சிரிக்கும்.”

“வியாழனுக்குள்ளை கிடைச்சால் சேர்க்கலாம்.”

“வியாழன்வரைக்கும் நாள் இருக்கே. யோசிச்சுச் சொல்லுறன்.”

ஜஸ்ரின் நன்றி சொல்லிப் போனான். திரை கறுத்தது. கிறகோரி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“எப்ப பாத்தனீ?”

“பதினொரு மணிக்கு.”

“சோறு போட்டனீ.”

“போட்டனான்.”

“அதை அனுப்பாதை.”

“பாப்பம்.”

“மார்கிரட், எனக்கு எழுபத்தெட்டு வயசு.”

“தெரியும். வருசா வருசம் கேக் அடிக்கிறவள் நான் தானே.”

“அனுப்புறதெண்டால் இண்டைக்கே அனுப்பு. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு. வியாழன்வரைக்கும் நான் என்ன செய்யிறது?”

“வழமையாய்ச் செய்யிறதைச் செய்யுங்கோ. பகிடியைச் சொல்லுங்கோ. நாளைக்குப் பூசை இருக்கு, சுவாமி நிப்பார், சங்கத்தாக்கள் நிப்பினம். சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிண்டு சிரிக்கிறன்.”

“அம்மா” என்றாள் லவீனா.

“நீ உன்ரை மெசினுகளைக் கட்டு. திங்கக்கிழமை வான் பிடிச்சுத் தாறன். உன்ரை சிநேகிதி சுண்டுக்குளியிலை அறை எடுத்திருக்கிறாள் எண்டனீ.”

“நான் தானே உங்களுக்குக் காட்டினனான்.”

“ஓம். நான் வந்து கேட்ட பிறகு.”

கிறகோரி எழும்பி முற்றத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவருக்கு இருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மார்கிரட் அவரைக் கவனிக்காமல் மேசைக்கு வந்தாள்.

“எதுக்குள்ளை கிடக்கு?”

லவீனா கறுப்பு ஹார்ட் டிறைவைக் கழற்றிக் கொடுத்தாள். சென்னையிலிருந்து வந்த தகரப் பெட்டியையும் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக் கொடுத்தாள். மார்கிரட் இரண்டையும் நெஞ்சோடு அணைத்தாள். புது உடுப்பு வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வெளிக்கிடுகிறவளைப் போல நின்றாள். முகத்தில் பவுடர் கலையவில்லை.

“இது ரெண்டும் தானோ? வேற எங்கையும் கிடக்கோ?”

மேசையில் மடிக்கணினி மூடிக் கிடந்தது. போன வெள்ளியே அதில் ஒரு பிரதி எடுத்திருந்தாள். எந்தத் தரவையும் ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்று முதலாம் வருடத்திலேயே படித்திருந்தாள்.

“இல்லை” என்றாள்.

மார்கிரட் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நம்பினாள். உள்ளறையில் அலுமாரி திறந்தது, பூட்டியது. கிறகோரி அந்த அறை வாசலில் போய் நின்று, “மார்கிரட், தேத்தண்ணி போட்டுத் தரட்டோ?” என்று கேட்டார். அவர் அங்கேயே நின்றார்.

லவீனாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஜஸ்ரின் எழுதியிருந்தான். வியாழன்வரை பொறுத்தால் பிந்திவிடும் போலிருக்கிறதாம். அந்தத் துண்டை இன்றைக்கே அனுப்ப முடியுமா, அன்ரியிடம் பிறகு தானே கதைத்துக்கொள்கிறானாம்.

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். கதவைச் சாத்தினாள். மடிக்கணினியைத் திறந்தாள்.